மின்னொளி மைதானத்திலிருந்து ஏலக் கூடம் வரை: தமிழ் தலைவாஸ் யாரை எடுக்க வேண்டும்?

புரோ கபடி ஏலம் வரும்போதெல்லாம் தமிழ் தலைவாஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "எத்தனை கோடி ஆனாலும் பெரிய ரைடரை வாங்கு" என்கிறது ஒரு கட்சி. "தமிழ்நாட்டு அணியில் தமிழன் எங்கே?" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் குரல் பெரியது. இரண்டுமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஏலப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே கழித்துக் கட்டப்படுகிறவர்கள் யார்? எந்தத் தெருவிலிருந்து, எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரை எடுக்கலாம் என்று பேசுவது, பந்தி முடிந்தபின் எந்த இலையில் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்குச் சமம்.

முதலில் நட்சத்திரக் கட்சியைப் பார்ப்போம். தமிழ் தலைவாஸ் 2017-இல் லீக்கில் நுழைந்தது. சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், பெயரிலேயே தமிழ். அந்த ஆண்டு தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த ஆண்டும் பிரிவில் கடைசி. 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர் என்று லீக்கின் பெரிய பெயர்களையெல்லாம் ஒரே அணியில் குவித்தார்கள். 12 அணிகளில் 12-வது இடம். 2022 ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாரும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் அந்தப் பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார்.

இந்தக் கதையின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. தலைவாஸ் தன் வரலாற்றில் முதன்முதலாக அரையிறுதி போனது அந்த 2022 பருவத்தில்தான். கொண்டு போனது யார்? ஏலத்தில் பெரிய விலை போகாத, 'புதிய இளம் வீரர்' என்ற வகையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்க்கப்பட்ட நரேந்தர் அந்தப் பருவத்தில் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அணித் தலைவர் பொறுப்பை ஏற்ற சாகர் ராத்தியும் சாஹில் குலியாவும் இரண்டு மூலைகளையும் காத்தார்கள். ஒன்றாக வளர்ந்த இளைஞர்கள் செய்ததைக் கோடிகள் செய்யவில்லை. நிர்வாகம் இதிலிருந்து பாடம் படித்ததா? 2024-இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. அந்தப் பருவத்தில் 9-வது இடம். 2025-இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, மறுபடி பவன் செராவத். சில ஆட்டங்களிலேயே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி பவனை அணியிலிருந்து அனுப்பினார்கள்.

இதில் அந்த வீரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் உடம்பை விற்றுச் சம்பாதிக்கும் உழைப்பாளிகள். வடக்கத்தியான் நம் இடத்தைப் பிடித்துக்கொண்டான் என்ற பேச்சும் நமக்கு வேண்டாம். ஹரியானாவில் இவ்வளவு கபடி வீரர்கள் உருவாகிறார்கள் என்றால் அது ரத்தத்தில் வந்த வித்தை அல்ல. ஊருக்கு ஊர் மைதானம், பயிற்சி மையம், பதக்கம் வாங்கினால் அரசு வேலை, பரிசுத் தொகை என்று ஓர் ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஏற்பாடு இருந்தால் வீரர்கள் வருவார்கள். இது எளிய கணக்கு.

இப்போது 'தமிழன் எங்கே' கட்சிக்கு வருவோம். 2023 ஏப்ரலில் பாமக சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், தமிழ் வீரர்கள் இல்லாத சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தடைசெய்ய வேண்டும் என்று சட்டமன்றத்திலேயே பேசினார். கபடியிலும் இதே பாட்டுதான். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் தமிழன்?

தமிழ்நாட்டின் கபடி மைதானம் சாதி இல்லாத இடம் என்று நினைக்கிறீர்களா? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவன் ஒருவனைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். அவன் கை விரல்கள் துண்டாகின. கபடியில் தங்கள் அணியை அவன் அணி தோற்கடித்த ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். கபடியில் விரல் என்பது என்ன? எதிராளியின் கணுக்காலைப் பிடிக்கும் கருவி. அதே ஆண்டு அக்டோபரில் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' வெளியானது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மனிதர் அவர். தன் ஊரைவிட்டு வெளியே வருவதற்கே எத்தனை போராட வேண்டியிருந்தது என்பதைத் திரையில் பார்த்துக் கைதட்டினோம். கைதட்டிவிட்டு வெளியே வந்து, 'தமிழன் எங்கே' என்று மட்டும் கேட்டால் பார்த்த படம் வீண். 'தமிழன்' என்ற சொல்லுக்குள் மைதானத்துக்குச் சொந்தக்காரனும் இருக்கிறான், அந்த மைதானத்துக்குள் கால் வைக்க முடியாதவனும் இருக்கிறான். ஏலத்தில் ஐந்து தமிழர்களை எடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் அறிக்கை விட்டாலும், அந்த ஐந்து பேரும் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

அந்த வாசல்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். சென்னையின் மேற்குப் புறநகரையே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருவேற்காடு, பூந்தமல்லி. ஏப்ரல் 14-ஐ ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் இந்தப் பக்கம் மின்னொளி கபடிப் போட்டிகள் நடக்கும். மண் தரை, வெறுங்கால், எடைப்பிரிவு, விடிய விடிய ஆட்டம். அங்கே ஆடுகிற பையனின் முதல் வாசல் மாவட்ட அணி. அதற்குப் பதிவு பெற்ற சங்கம் வேண்டும், சங்கத்தில் அறிமுகம் வேண்டும். இரண்டாவது வாசல் மாநிலப் போட்டி, தேசிய ஜூனியர் போட்டி. அங்கே ஆட்டம் செயற்கை விரிப்பின் மேல், ஷூ போட்டுக்கொண்டு. மண்ணில் வழுக்காத கால் மேட்டில் வழுக்கும். மேட்டில் ஓராண்டு பழகியவனுக்கும் அன்றுதான் முதன்முறை ஏறுகிறவனுக்கும் இடையில் இருப்பது திறமை வித்தியாசம் இல்லை, பணத்தின் வித்தியாசம். ஒரு மேட் விரிக்கச் சில லட்சங்கள் வேண்டும். எந்தச் சேரியின் மன்றத்திடம் அது இருக்கிறது?

மூன்றாவது வாசல் கல்லூரியும் வேலையும். கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் இறுதிக்கு வந்த அணிகளின் வீரர்களுக்கு ஏலப் பட்டியலில் இடம் கொடுக்கிறார்கள். நல்லது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவனுக்கு அந்த வழி கிடையாது. வேலை வழியாகப் போகலாம் என்றால், அந்த வேலை எங்கே? பொதுத்துறை ஆலை, ரயில்வே, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கும் இடங்கள்தான் உழைக்கும் வீட்டுப் பையனை ஆட்டத்தில் நிறுத்தி வைத்தன. காலையில் பயிற்சி, பகலில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததும் அந்தக் காலத்தில்தான். இன்று பேட்டைக்குள் போய்ப் பாருங்கள், நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை பேர் என்று. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தையே கலைத்து ஏழு நிறுவனங்களாக்கினார்கள். ஆவடி தொழிற்சாலை அதில் ஒன்றின் கீழே போனது. ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்கு நிற்பவன் மாவட்டத் தேர்வுக்கு மூன்று நாள் விடுப்பு கேட்டால், நான்காம் நாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். தனியார்மயம் என்பது வேலையை மட்டும் பறிக்கவில்லை. கபடி அணிகளையும் சேர்த்துத்தான் பறித்தது.

நான்காவது, மைதானம். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் பெயர்த்தெடுத்து அத்திப்பட்டிலும் கூடப்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் அடைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்? பழைய இடத்தில் மன்றம் இருந்தது, அண்ணன்மார் இருந்தார்கள், மாலையில் ஆட ஒரு திடல் இருந்தது. இடத்தை மாற்றியவர்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள், திடலைக் கொடுக்கவில்லை.

இத்தனை வாசலிலும் வடிகட்டி, கடைசியில் மிஞ்சியவர்களின் பெயர்களை ஒரு பட்டியலாக்கி, ஏ பிரிவு 30 லட்சம், டி பிரிவு 9 லட்சம் என்று அடிப்படை விலை ஒட்டி, நட்சத்திர விடுதியில் சுத்தியல் தட்டுகிறார்கள். அதற்குப் பெயர்தான் 'திறமைக்கு மரியாதை'.

உடனே ஒரு குரல் வரும். "விளையாட்டிலுமா இடஒதுக்கீடு? தகுதி என்ன ஆவது?" சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமையை எதிர்த்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் அதைச் செல்லாததாக்கினார்கள். தமிழ்நாடு கொதித்தது, அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு இங்கே படித்து வந்த மருத்துவர்களின் தகுதியை இந்த மாநிலத்தின் பொது மருத்துவமனைகள் நிரூபித்துவிட்டன. விளையாட்டிலும் பதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் 2016-இல் வெளிப்படையாக ஓர் இலக்கு வைத்தது. ஒரு பருவத்தின் சராசரியில் அணியில் குறைந்தது ஆறு பேர் வெள்ளையரல்லாதவர்களாக, அதில் இருவர் கறுப்பின ஆப்பிரிக்கர்களாக இருக்க வேண்டும். அணி அழிந்துவிடும் என்றார்கள். தெம்பா பவுமாவை 'கோட்டா வீரர்' என்று ஆண்டுக்கணக்கில் ஏளனம் செய்தார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலக டெஸ்ட் சாம்பியன் கோப்பையைத் தூக்கியது பவுமா தலைமையிலான அணி. பந்துவீச்சில் 9 விக்கெட் எடுத்தவர் ரபாடா. ஏளனம் செய்தவர்களிடம் இப்போது தகுதி பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்தையும் பார்க்கலாம். 1950 வரை என்.பி.ஏ. அணிகளின் வீரர் தேர்வில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட அழைக்கப்படவில்லை. அந்த ஆண்டு பாஸ்டன் செல்டிக்ஸ் அணி சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை கறுப்பின இளைஞர்களுக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியாமலா இருந்தது? இன்று அந்த லீக்கைக் கறுப்பின வீரர்கள் இல்லாமல் கற்பனை செய்ய முடியுமா? நம் நாட்டில் பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். அவர் பந்து மட்டும் அவர்களுக்குத் தீட்டாக இல்லை. தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தித் தனிக் குவளையில் கொடுத்தார்கள். அணித் தலைவர் பதவியை அவருக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. தகுதியை அளந்த கை எப்போதும் யாருடைய கையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். புரோ கபடியில் எந்த அணி முதலாளியும் ஏலத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எதற்கு? பெரிய பணக்காரர் சின்னப் பணக்காரரை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. என்.பி.ஏ.வில் தோற்ற அணிகளுக்குத்தான் புதிய வீரர்களை எடுப்பதில் முன்னுரிமை. எதற்கு? பலவீனமான அணி எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக. சமமில்லாதவர்களை அப்படியே மோதவிட்டால் அது போட்டி ஆகாது என்பது முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். தங்களுக்குள் சமநீதியை விதியாக எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அதையே சேரிப் பையனுக்குக் கேட்டால் மட்டும் 'தகுதி' என்கிறார்கள்.

சரி, தனியார் அணியை நாம் எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்? அரசமைப்பின் இடஒதுக்கீடு தனியார் வேலைக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் தலைவாஸ் சென்னையில் ஆடும் உள்ளரங்கம் யாருடையது? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தினுடையது. மக்கள் பணத்தில் கட்டியது. அந்த அரங்கத்தைக் கொடுக்கும்போது அரசு நிபந்தனை வைக்கலாம். பெயரில் 'தமிழ்' என்று போட்டு மக்களிடம் டிக்கெட் விற்கிற அணியிடம் மக்கள் கணக்குக் கேட்கலாம்.

அப்படியானால் தலைவாஸ் யாரை எடுக்க வேண்டும்? வெறும் கோபத்தோடு நிற்காமல் கபடிக் கணக்காகவே சொல்வோம்.

2.26 கோடிக்கும் 2.15 கோடிக்கும் ரைடர் வாங்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். இந்த அணிக்குத் தேவை தடுப்பு வரிசை. இரண்டு மூலை, இரண்டு கவர். இந்த நால்வரும் கண்ணைப் பார்த்தே அடுத்தவன் எப்போது பாய்வான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் புரிதல் ஏலத்தில் கிடைக்காது, சேர்ந்து ஆடிய ஆண்டுகளில்தான் கிடைக்கும். ஒரே திடலில், ஒரே மன்றத்தில் பத்து வயதிலிருந்து கை கோத்துச் சங்கிலி பிடித்த 18, 19 வயதுப் பையன்கள் மேற்குப் புறநகரிலும் வடசென்னையிலும் டெல்டாவிலும் தெற்கிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியாக உதிர்த்து எடுக்காமல், இருவர் மூவராகச் சேர்த்தே 'புதிய இளம் வீரர்' வகையில் எடுங்கள். மூன்று பருவம் கலைக்காமல் வைத்திருங்கள். 2022 சொன்ன பாடம் இதுதான்.

தேர்வு முகாமை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வேலைக்குப் போகிறவன் வர முடியும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கண்ணகி நகரிலும் வையுங்கள். முதல் சுற்றை மண் தரையில் நடத்துங்கள். தேர்ந்தெடுத்தவர்களுக்கு மேட்டில் பழக ஆறு மாதம் கொடுங்கள், அந்த ஆறு மாதத்துக்குக் கூலியும் கொடுங்கள். அடிபட்டால் சிகிச்சைக்கும், ஆட்டம் முடிந்தபின் பிழைப்புக்கும் எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள், பட்டியல் சாதி, பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் தேர்வானார்கள் என்று பெயர் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். பனியனில் சாதியை எழுதச் சொல்லவில்லை. ஏற்கெனவே எழுதப்படாமல் நடந்துகொண்டிருக்கும் ஒதுக்கலை எண்ணிக்கையாக வெளியே வை என்கிறோம்.

கடைசியாக, ஏலப் பட்டியலில் பெயரே வர முடியாத ஒரு பாதி இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. துணைத் தலைவர் கண்ணகி நகர் கார்த்திகா. நகரம் வெளியே தள்ளிய மக்களின் குடியிருப்பிலிருந்து வந்த பெண். அரசு 25 லட்சம் கொடுத்தது, தலைவர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். மகிழ்ச்சி. அதே அணிகள், அதே முதலாளிகள் கார்த்திகாவை ஏலத்தில் எடுப்பார்களா? எடுக்க முடியாது. புரோ கபடியில் பெண்களுக்கு இடமே இல்லை. 2016-இல் மூன்று அணிகளை வைத்து ஒருமுறை நடத்திப் பார்த்தார்கள், அதோடு கைவிட்டார்கள். பதக்கம் வாங்கும்வரை அந்தப் பெண் நாட்டுக்குப் பெருமை. சம்பளம் என்று வந்தால் அவளுக்குச் சந்தை இல்லை என்பார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டிய நாடு இது. அணியில் தலித்துகள் அதிகமாக இருந்ததால்தான் தோற்றது என்றார்கள் அந்த ஆட்கள். ஜெயித்தால் இந்தியர், தோற்றால் தலித். இந்தக் கணக்கை உடைக்க ஒரு பெண்ணின் தனிப்பட்ட வெற்றி போதாது. பெண்களுக்குச் சம்பளம் தரும் லீக் வேண்டும், அதில் நூறு கார்த்திகாக்களுக்கு இடம் வேண்டும்.

தோழர்களே, அடுத்த ஏலத்தின்போதும் உங்கள் கைப்பேசியில் கோடிக் கணக்குகள் ஓடும். எந்த ரைடர் எவ்வளவு என்று நாமும் பேசுவோம், தவறில்லை. நமக்கும் இந்த ஆட்டம் பிடிக்கும், இந்த அணி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஆனால் பேச்சை அங்கே நிறுத்த வேண்டாம். உங்கள் பகுதி மன்றத்தில் ஆடுகிறவர்களின் பட்டியலை எடுங்கள். வயது, எடை, எந்த இடத்தில் ஆடுகிறார், எந்த வாசலில் நிறுத்தப்பட்டார் என்று எழுதுங்கள். அதை அணி நிர்வாகத்துக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், சென்னையில் ஆட்டம் நடக்கும் நாளில் அந்தப் பட்டியலோடு அரங்கத்தின் வாசலுக்குப் போவோம்.